மாப்பிள்ளைக்கு வாசிக்க மட்டும்

ஜெயரூபனுக்கு வாசிக்க மட்டும் அனுமதி கொடுத்ததுதான் சுலோஜனா செய்த குற்றம்.

வேறொருவனுக்கென்றால் அது குற்றமே அல்ல. ஆனால் ஜெயரூபன், முதலாளி இராசதுரையின் ஒரே மகளைக் கட்டி, அவள் வீட்டில் வந்து குடியேறிய மாப்பிள்ளை. மாமியார் சீதேவிப்பிள்ளை நண்டுக்கறியில் பெரிய கால்களையெல்லாம் அவன் பீங்கானில் போட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் கட்டின புருசனுக்கு வைப்பாள். அப்படிப்பட்டவனுக்குப் போய் வாசிக்க மட்டும்!

இராசதுரையின் கம்பெனி வாவிக்கரையில் இருந்தது. நெல் ஆலைகளுக்கு எடை போடும் புரோகிராம் எழுதிக் கொடுப்பது தொழில். எழுதியவர்கள் சுலோஜனாவும் நிலோஜனும். அதை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் தளத்தில் வைத்திருந்தது இராசதுரைக்குப் பிடிக்கவில்லை.

"நம்மட நெல்ல ஊரார்ர களஞ்சியத்துல ஏன் போட்டு வைக்கணும்? கந்தோருக்குள்ளயே வைச்சுத் தா புள்ள."

சுலோஜனா பழைய கொம்பியூட்டர் ஒன்றைத் தூசி தட்டி, அதில் கிட் என்ற பதிவுச் சேவரை அமைத்து, பழைய பதிவையும் அதற்கு மாற்றினாள். யார் எந்த வரியை மாற்றினாலும் பெயரோடு அதில் பதிவாகும். ஆளாளுக்குத் தனித்தனித் திறப்பு, அதாவது கடவுச்சொல். அவளும் நிலோஜனும் எழுதலாம். ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்துச் சரி சொன்னால்தான் அது ஆலைகளுக்குப் போகும். ஜெயரூபன் வாசிக்கலாம். இதில் என்ன பிழை? கட்டாரில் பிரிண்டருக்கு மை நிரப்பிவிட்டு வந்து, 'தொழில்நுட்பப் பணிப்பாளர்' என்று கார்ட் அடித்துக்கொண்ட மனிதருக்கு அதுவே அதிகம்.

விளம்பரத்தில் அவன் படம். ஆலைக்காரர்களின் கூட்டத்தில் அவன் பேச்சு. சுலோஜனாவின் பெயர் இருந்த ஒரே இடம் அந்தப் பதிவுதான். அது போதும் என்று அவள் நினைத்திருந்தாள்.

சேவர் ஓடத் தொடங்கிய மறுநாள் காலை இராசதுரை அவள் மேசைக்கு வந்து நின்றார். நாலு ஊருக்கு அதட்டிப் பேசும் மனிதர், குரல் இறங்கியிருந்தது.

"மாப்பிள்ள நேத்து சாப்பிடாமப் படுத்திட்டார். வீட்டுல ஒரே சண்ட. அவருக்குப் பெரிய திறப்பக் குடு புள்ள."

"பெரிய திறப்பெண்டா எல்லாத்தையும் மாத்த ஏலும், அழிக்க ஏலும், ஐயா."

"அவர் என்னத்துக்கு அழிக்கிறார்? அதோட, உனக்கிட்டயும் அதே திறப்பு இருந்தா அவருக்கென்ன மரியாத? நீயும் நிலோஜனும் வாசிச்சாக் காணும்."

மரியாதையாம். கோயிலில் காளாஞ்சி கொடுப்பதாக நினைத்துவிட்டார் போலும். சுலோஜனா தன் கையாலேயே தன்னை இறக்கினாள்.

பெரிய திறப்பு கிடைத்ததும் ஜெயரூபன் முதலில் செய்தது, இன்னொருவர் பார்த்துச் சரி சொல்லும் விதியை எடுத்ததுதான். பிறகு சாக்கின் நிறையைக் கழிக்க ஒரு வரி எழுதினான். அன்றைய நகலைத் தன் லெப்டொப்புக்கு இறக்கி வாசித்த சுலோஜனா திடுக்கிட்டாள்.

"அண்ணன், சாக்கு நிறை முன்னமே ஒரு இடத்துல கழியுது. இது ரெண்டாந்தரம்."

"நீங்க வாசிங்க தங்கச்சி. எழுதுறத நான் பாத்துக்கொள்றன்."

அதோடாவது விட்டானா? பதிவில் உச்சியில் ஒரு வரிக்குத்தான் அவன் பெயர் இருந்தது. கீழே பார்த்த இடமெல்லாம் சுலோஜனா, நிலோஜன், சுலோஜனா. மாமனாரின் கம்பெனியில் இது என்ன அவமானம்! இணையத்தில் வழி தேடி, எல்லாப் பெயர்களையும் அழித்துத் தன் பெயரைப் போட்டான். அவன் பெண் பார்க்க வருவதற்கு முன்பே மற்ற இருவரும் எழுதிய வரிகளும் அவன் எழுதியவையாகிவிட்டன.

சுலோஜனா கழிவறைக்குள் போய் அழுதாள். இந்த மனிதனுக்காகவா அழுகிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு முகத்தைக் கழுவினாள். லெப்டொப்பில் பழைய நகல் கிடந்தது. கிடந்தென்ன? திருப்பி ஏற்ற அவளிடம் திறப்பில்லை.

அறுவடை தொடங்கியது. புதிய புரோகிராம் ஆலைகளுக்குப் போனது. அந்தக் கிழமையே ஏறாவூர் ஆலைக்காரர் ஆதம்பாவா ஹாஜியார் செருப்பைக்கூடக் கழற்றாமல் கந்தோருக்குள் வந்தார்.

"மூட்டைக்கு மூட்ட நிறை குறையிது! ஒரு சாக்க ரெண்டு தரம் கழிச்சா வெள்ளாம செஞ்சவன் சும்மா இரிப்பானா? உன்னிச்சைப் பக்கத்தால வந்த ஆக்கள் லொறிய மறிச்சிக்கிட்டு, என்ன முகத்துக்கு நேர கள்ளன் எண்டுறானுகள். இத எழுதின ஆரு?"

இராசதுரை சுலோஜனாவைத்தான் முதலில் பார்த்தார். "எங்கட சேவர்ல எல்லாம் பேரோட இருக்கு ஹாஜியார். இப்பயே பாப்பம்" என்று பெரிய திரையில் பதிவைத் திறந்தார். ஜெயரூபன். ஜெயரூபன். அடிமட்டம் வரை ஜெயரூபன்.

"மாஷா அல்லாஹ். முழுக்க மாப்பிள்ளதானா?" ஆதம்பாவா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப அவரே திருத்தித் தரட்டும். நான் இதுல இரிக்கன்."

ஜெயரூபன் கீபோர்டின் முன் குந்தினான். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அவன் சட்டை முதுகில் ஒட்டியது. ஆலையில் லொறிகள் காத்து நிற்பதாக ஆதம்பாவாவின் போன் விடாமல் அடித்தது.

"புள்ள, நீ ஒருக்கா..." என்றார் இராசதுரை.

"எனக்கு வாசிக்க மட்டுந்தானே ஐயா."

"அவளுக்குத் திறப்பக் குடுங்க மாப்பிள்ள!" கல்யாணத்துக்குப் பிறகு மருமகனிடம் இராசதுரை குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

ஜெயரூபன் திரையை மேலும் கீழும் உருட்டினான். பிறகு மெல்லக் கேட்டான்: "அது... எப்பிடிக் குடுக்கிற தங்கச்சி?"

அட, பெரிய திறப்பே! சுலோஜனாவுக்குச் சிரிப்பு வந்தது. இருந்த இடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்தாள். திறப்பு கைக்கு வந்ததும் லெப்டொப்பைத் திறந்தாள்.

"பேர் மாத்துறதுக்கு முன்ன இருந்த பதிவு இதுல கிடக்கு. முதல்ல அத ஏத்திப்போட்டுத்தான் திருத்துவன், ஐயா."

"எதயாவது ஏத்து புள்ள!"

பழைய பதிவு ஏறியது. திரையில் அவளும் நிலோஜனும் வரி வரியாகத் திரும்பி வந்தார்கள். ஜெயரூபனும் இருந்தான், உச்சியில், தனியாக. ஆதம்பாவா எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார்.

"சாக்கு நிறை கழித்தல். எழுதியவர் ஜெயரூபன்" என்று உரத்து வாசித்தார். பிறகு திரும்பினார். "மாப்பிள்ள எழுதின இது மட்டுந்தானா?"

"ஓம் ஹாஜியார்" என்றாள் சுலோஜனா. "இது மட்டுந்தான்."