வெர்னிஸ் கேட்காத ஆட்டம்

டெல்மர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லும்போதே அவனுக்கு அது தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், நகரத்து உள்ளரங்க மைதானமான ரிங்கின் உடைமாற்றும் அறை. கால்காப்புகளை இறுக்கிக்கொண்டிருந்த க்ளேட்டனின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதோடு காதாகச் சொன்னான்.

"மச்சான், இன்னைக்கு ஆட்டத்த உன் அக்காவுக்குன்னு மனசுல வெச்சுக்கிட்டேன். ஜெயிச்சா அவ எந்திரிச்சுடுவா."

க்ளேட்டன் கட்டுவதை நிறுத்தினான். அவன் ஆற்றுவளைவு என்ற பூர்வகுடி ஊரின் லக்ராஸ் அணிக்கு கோல்கீப்பர். நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம் அது. டெல்மரின் மனைவி வெர்னிஸுக்கு ஒரே தம்பி. வெர்னிஸுக்கு நுரையீரலில் நோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஜூன் மாதமே ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மே மாதத்தில் அவளுக்காக மருந்தாட்டம் ஆடியாகியிருந்தது. ஊர்ச் சடங்குகள் நடக்கும் நீளவீட்டுக்குப் பின்னாலுள்ள புல்வெளியில், மர மட்டையும் மான்தோல் பந்துமாக, தாத்தாக்களும் பேரன்களும் கலந்து ஆடினார்கள். அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அந்த ஆட்டத்தில் எந்தப் பக்கம் ஏழு கோலை முதலில் போட்டாலும் பலன் நோயாளிக்குத்தான். தோற்றவன் என்று ஒருவனும் கிடையாது. டிக்கெட் விற்று, நடுவர் விசில் ஊதி, இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதியாக நடக்கும் லீக் ஆட்டத்தை யாரும் ஒரு நோயாளியின் பேருக்கு வைப்பதில்லை. டெல்மருக்கு இது தெரியாததல்ல. ஆனால் நான்கு வாரமாக அவள் கையால் ஒரு கரண்டியைத் தூக்க முடியாததைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. செய்ய அவனுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

க்ளேட்டனால் அதைத் தனியாகச் சுமக்க முடியவில்லை. ஐந்து நிமிடத்தில் பதினொரு பேருக்கும் தெரிந்துவிட்டது. எப்போதும் தன் முழங்காலைப் பற்றி ஏதாவது ஜோக் அடிக்கும் ஹார்லன்கூட, நாற்பத்தாறு வயது மனுஷன், வாயைத் திறக்காமல் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான்.

பதினொரு பேர்தான் இருந்தார்கள். இரும்புவேலைக்குப் போனவர்களில் மூவர் பாலத்து வேலை முடியாமல் நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். நகரத்து அணிக்கு இருபது ஆட்களும் இரண்டு கோல்கீப்பர்களும் சொந்தமாக ஒரு பஸ்ஸும் இருந்தன. மூன்று வருடமாகக் கோப்பை அவர்களிடம்தான். ஆற்றுவளைவு அந்தக் கோடையில் ஜெயித்தது இரண்டே ஆட்டம்.

முதல் கோல் நாற்பதாவது விநாடியில் விழுந்தது. பந்து வலையில் மோதிய சத்தம் கேட்டதும் க்ளேட்டன் திரும்பி டெல்மரைப் பார்த்தான். வேறு நாளாயிருந்தால் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுப் பந்தை எடுத்து எறிந்திருப்பான். இன்று பார்த்தான், அவ்வளவுதான்.

இரண்டாவது கோலுக்கும் பார்த்தான். மூன்றாவதுக்கும்.

முதல் பகுதி முடிந்தபோது ஆறுக்கு ஒன்று. இரண்டாவது பகுதியில் எட்டு விழுந்தன. ரிங்கின் மேல் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏய் கீப்பரு, அந்த வலைய அவுத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போ! கொசுவாவது நிக்கும்!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எவரும் சிரிக்கும் சிரிப்பு.

இடைவேளையில் டெல்மர் எழுந்து நின்றான். "டேய், நான் சொன்னத விட்டுடுங்கடா. ஆட்டத்த ஆட்டமா ஆடுவோம்."

"எப்படிடா விடறது?" ஹார்லன் தரையைப் பார்த்தபடி கேட்டான். "வாயில போட்ட ரொட்டியா, துப்பிட்டுப் போறதுக்கு?"

"தப்புதான்ணே."

"தப்புன்னு இப்ப சொல்லி என்ன? இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. ஏந்திரிங்க எல்லாரும்."

அதற்கப்புறம் நடந்தது பார்க்கச் சகிக்கவில்லை. மூச்சு வாங்க உட்கார வேண்டியவர்கள் உட்கார மறுத்தார்கள். ரான்சம் என்பவன் உதடு கிழிந்து ரத்தம் ஒழுக ஓடினான். ஜெயிக்கவே முடியாத ஆட்டத்தில் அப்படி ஓடுகிறவர்களை நகரத்து ஆட்களுக்குப் புரியவில்லை. அவர்களுடைய கேப்டன் டெல்மரிடம் வந்து மெதுவாகக் கேட்டான்: "உங்க கீப்பர் கையப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு. போதும்னு நிறுத்திக்கலாமா? நாங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம்."

டெல்மர் க்ளேட்டனிடம் போனான். முகக்கம்பிகளுக்குப் பின்னால் க்ளேட்டன் அழுதுகொண்டிருந்தான். "எட்டு நிமிஷம் இருக்கு மச்சான். போ, போய் உன் எடத்துல நில்லு."

இருபத்திரண்டுக்கு நான்கு.

வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி, நல்ல வெயில். வெர்னிஸ் இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், ஆட்டத்தை ஒலிபரப்பிய ரேடியோ. அவளுடைய சித்தி ஆல்மா டெல்மரைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போய்விட்டாள். வெர்னிஸுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அதிலிருந்தே அவனுக்குப் புரிந்தது.

"ஹார்லன் பொண்டாட்டி ரிங்குலேர்ந்து போன் பண்ணா," என்றாள் வெர்னிஸ். ஒவ்வொரு நாலு சொல்லுக்கும் மூச்சுக்காக நின்றாள். "கவலப்படாத, எல்லாரும் உனக்காகத்தான் ஆடறாங்கன்னு சொன்னா. அப்ப அவங்க ஸ்கோரு பதினாறு."

"வெர்னிஸ்..."

"என்னக் கேட்டியா நீ?"

"இல்ல."

"கேக்காம எப்படி என்னத் தூக்கி அந்த ஸ்கோர் போர்டுல ஏத்துன?"

அவன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். அவள் அவனைக் காலால் தள்ளினாள். அந்தக் காலில் ஒரு பூனையைத் தள்ளும் பலம்கூட இல்லை.

"எனக்கு ஆட வேண்டியத மே மாசமே ஆடிட்டாங்க. அதுல எனக்குக் கெடைக்க வேண்டியது கெடைச்சுது. இப்ப நான் போகப்போறேன், அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். என் தம்பி என் உசுர அவன் கையால விட்டதா நெனச்சுட்டு மிச்ச காலத்த ஓட்டணுமா?"

"நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போ. போன்ல இல்ல, நேர்ல. அது என் ஆட்டம் இல்லன்னு சொல்லு. மொதல்ல க்ளேட்டன். ஏந்திரி, மரமாட்டம் ஒக்காந்திருக்காத."

க்ளேட்டன் வாளி நிறைய ஐஸில் இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். டெல்மர் சொன்னதை முழுதும் கேட்டான்.

"இத நீயா சொல்றியா, அக்கா சொல்லச் சொன்னாளா?"

"அவதான் சொன்னா."

"அவ அப்படித்தான் சொல்லுவா," என்றான் க்ளேட்டன். வாளியிலிருந்து கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஐந்து வீடு. எல்லோரும் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார்கள், உட்கார வைத்தார்கள், கேட்டுக்கொண்டார்கள். ஒருவன்கூட அவனைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாயிருக்கும் என்று ஒவ்வொரு படியிறங்கும்போதும் நினைத்தான். இரவில் வெர்னிஸ் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்: "எத்தன?"

"ஆறு ஆச்சு."

"மிச்சத்தையும் முடி."

செவ்வாய்க்கிழமை காலை அவளை விட்டுப் போக அவனுக்கு மனமில்லை. அவள் விரலை மட்டும் அசைத்து விரட்டினாள். ஹார்லன் வீட்டில் சோள சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் சாப்பிடாமல் எழுந்துவிட முடியாது. ஹார்லனின் மனைவி கிண்ணத்தை வைத்துவிட்டு, போன் பண்ணியது தன் தப்பு என்று அழ ஆரம்பித்தாள். டெல்மர் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தான். இரண்டு கரண்டி உள்ளே போயிருக்கும். முற்றத்தில் க்ளேட்டனின் லாரி வந்து நின்றது. எஞ்சினை அவன் அணைக்கவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. வீங்கிய கைகளை ஸ்டியரிங்கில் வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டெல்மர் கரண்டியைக் கீழே வைத்தான்.

இறந்தவரின் குலத்தார் குழி வெட்டக் கூடாது. ஊரின் குலங்கள் இரண்டு பக்கம்; எதிர்ப்பக்கத்துக் குலங்கள்தான் வெட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் என்பது டெல்மரின் பக்கம். புருஷன் என்பதால் அவனை மண்வெட்டியைத் தொட விடவில்லை. வெட்டியவர்களில் ரான்சமும் இன்னும் இருவரும் இருந்தார்கள். அவன் போய்ச் சேராத மூன்று வீட்டுக்காரர்கள் அவர்கள்தான்.

மண்ணை மூடி முடித்து எல்லோரும் சாப்பாட்டுக்கு நகர்ந்தபோது டெல்மர் அவர்களிடம் போனான். மூவரும் பூட்ஸில் அப்பிய ஈரமண்ணோடு வேலியோரமாக நின்றிருந்தார்கள். அவனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்கள்.

"வெர்னிஸ் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா," என்றான். "அன்னைக்கு ஆடினது அவ ஆட்டம் இல்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன். அந்த ஆட்டத்துக்கும் அவ போனதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சரிண்ணே," என்றான் ரான்சம். அவன் உதட்டில் தையல் இன்னும் பிரிக்கவில்லை. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டாவது பகுதியில நாங்க இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாம்ணே."

டெல்மர் இன்னொரு முறை, முதலிலிருந்து, நிதானமாகச் சொன்னான்.

அதற்கும் மூவரும் தலையாட்டினார்கள். "சரிண்ணே," என்றார்கள்.