எந்தப் பேரில் கூப்பிடுவது

செத்துப்போன பிள்ளை மறுபடியும் செத்துவிட்டதாகத் தந்தி வந்தது. அறுபத்திரண்டாம் வருசக் கடைசி. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. படித்துச் சொன்னவர் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வியாகுலம்.

"ஒங்க மகன் பழனியாண்டி சீனாக்காரன் சண்டையில போயிட்டாராம், பேச்சியம்மா. பனிமலையில ஒடம்பு கூடக் கெடைக்கலயாம்."

பேச்சியம்மா கொழுந்துக்கூடையை இறக்காமலேயே சிரித்தாள்.

"பழனியாண்டியா? அவன் மூணு வயசுல காய்ச்சல்ல போனவன் வாத்தியாரய்யா. மேமலைத் தேயிலைக்குள்ள பொதைச்சோம். அவன இன்னும் எத்தன தடவ சாகடிப்பீங்க?"

பக்கத்தில் நின்ற மகள் நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. செத்தது அவளுடைய அண்ணன் வீரய்யா.

மூத்தவன் பழனியாண்டிக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது. அவன் போன பிறகு பிறந்த வீரய்யாவுக்கு இல்லை. தொழிற்சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்கு அப்பனுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்து வேலையை விட்டு விரட்டிய வருசம் அது. கினிகத்தேனையில் ஒரு கடைக்காரரின் மாட்டுக்கொட்டிலில் பிறந்தான். மாட்டுக்கொட்டிலில் பிறந்ததை எவன் பதியப்போகிறான்? கொஞ்ச நாளில் குடும்பம் தோட்டத்துக்கே திரும்பியது. சுதந்திரம் வந்த கையோடு சட்டம் போட்டு, பிறந்ததற்குச் சாட்சி கொண்டா என்றார்கள். சாட்சி உள்ள பிள்ளை மண்ணுக்குள் கிடந்தான். சாட்சி இல்லாத பிள்ளை வளர்ந்து அதே மண்ணில் வடிகால் கான் வெட்டிக்கொண்டிருந்தான். நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று அவனிடம்தான் சொன்னார்கள். பத்திரம் இல்லாதவனைக் கப்பலிலும் ஏற்றமாட்டார்கள். மீசை கறுத்ததும் அண்ணனின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, அண்ணனாகவே கப்பலேறி இந்தியா போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான்.

"செத்தவன் சாமான அவனக் கேக்காம எடுக்காதடா" என்று பேச்சியம்மா அன்றைக்கே தடுத்தாள்.

"அவனுக்கு எதுக்கும்மா பத்திரம்? ஓட்டுப் போடவா போறான்?"

பிறகு பட்டாள உடுப்பில் ஒரு படம் வந்தது. பேச்சியம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூத்தவன் வளந்திருந்தா இப்புடித்தான் இருப்பான்" என்றாள். அதற்கப்புறம் அவள் வாயில் வீரய்யா என்ற பேர் வரவேயில்லை. நாகலெட்சுமி அதைக் கவனித்தாள், கேட்கப் பயந்தாள்.

வெளியூரில் செத்தவர்களை அந்த லயத்து வரிசைவீடுகளில் கூட்டிவருவார்கள். பொழுது சாயும்போது ஆற்றில் ஒரு செம்பு நீர் மொண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வீடுவரைக்கும் நடக்க வேண்டும். வாசற்படிக்கு உள்ளே சலித்த சாம்பலைப் பரப்பிவிட்டு, எல்லாரும் அடுத்த வீட்டுக் காம்பிராவில் படுக்க வேண்டும். ஆள் வந்தால் தடம் விழும். வராவிட்டால் செத்த இடத்திலேயே அலைவான்.

செம்பைத் தூக்கியவர் தாய்மாமன் இராமையா.

"வீரய்யான்னு கூப்புடுங்க மாமா."

"பட்டாளத்துல அவன் பேரு பழனியாண்டி, புள்ள. குண்டு பாஞ்சது பழனியாண்டி மேல. அந்தப் பேர விட்டுட்டுக் கூப்புட்டா ஆருக்கோன்னு நின்னுருவான்."

"அந்தப் பேருக்கு இங்கயே ஒருத்தன் இருக்கானே மாமா! பக்கத்துல படுத்திருக்கானே! அவன் முந்திக்கிட்டா எங்கண்ணன் எங்க போவான்? பனியிலயே கெடப்பானா?"

"பொட்டப்புள்ள, வாய மூடு. சர்க்காரு சொன்ன பேரு சர்க்காரு சொன்ன பேருதான்."

உயிரோடிருந்தபோது அவன் பேரைத் தின்ற சர்க்கார், செத்த பிறகும் விடவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை அம்மா சொன்னால் போதும். பேச்சியம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழனியாண்டீ, வாய்யா... பழனியாண்டீ, வீட்டுக்கு வாய்யா..."

மாமனின் குரல் மேட்டில் ஏறியது. மூடுபனி பின்னாலேயே வந்தது. மேமலையைத் தாண்டும்போது காற்றே இல்லை. ஆனாலும் ஒரு நிரைத் தேயிலை மட்டும், யாரோ குனிந்து நுழைந்து வருவதுபோல, இடுப்புக்குக் கீழே அசைந்தது. நாகலெட்சுமி மட்டும்தான் திரும்பிப் பார்த்தாள்.

விடிந்ததும் கதவைத் திறந்தார்கள். சாம்பலில் தடம் இருந்தது. பூட்ஸ் தடம் இல்லை. ஆம்பிளைக் கால்தடமும் இல்லை. நாகலெட்சுமியின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பிஞ்சுப் பாதங்கள், தத்தித்தத்தி அடுப்படிவரை போயிருந்தன. திரும்பிப்போன தடமே இல்லை.

மாமன் செம்பைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடினார். பேச்சியம்மா மட்டும் சாம்பலைக் கலைக்காமல் ஓரமாக நடந்துபோய், அடுப்படி மூலையில் உட்கார்ந்து மடியை விரித்தாள்.

நாகலெட்சுமி வாசலுக்கு வந்தாள். பனியில் எதிர்லயம் கூடத் தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"வீரய்யாண்ணே! வீரய்யாண்ணே! வாண்ணே, ஒன் வீடு இதுதாண்ணே!"

கதவுகள் திறந்தன. யாரும் வெளியே வரவில்லை. அவள் மறுபடியும் மூச்சை இழுத்தபோது, உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது, மெதுவாக:

"கத்தாத புள்ள. இப்பத்தான் தூங்குது."

நாகலெட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள், கூப்பிடுவதை நிறுத்தவில்லை.