மூன்று கரண்டி சர்க்கரை

வெண்ணெய் சட்டியில் சலசலக்கத் தொடங்கியதுமே முன்னறைக் கட்டிலிலிருந்து உத்தரவு வந்துவிட்டது.

“தீயக் கொறை. கருகுது.”

கருகவில்லை. ஆனாலும் அவள் குறைத்தாள். ஒரு வாரமாகத் தண்ணீரே தயங்கித் தயங்கி இறங்குகிற மனுஷன். கை, கால், வயிறு எல்லாம் ஒவ்வொன்றாக ராஜினாமா கொடுத்துவிட்டன. காது மட்டும் இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

“பாஸ்தா வெந்துடுச்சா?”

“வெந்துடுச்சுங்க.”

“குழைய விட்டுடாத.”

“குழையல.”

“ஹாம் ஓரம் செவந்ததும் சொல்லு.”

ஹாம் விஷயத்தில் அவரோடு வாதாட அந்தத் தெருவில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. முனையிலிருந்த இறைச்சிக் கடையில், உப்பிட்டுப் பதப்படுத்திய அந்தப் பன்றித் தொடையைச் சீவுகிற இயந்திரத்துக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவர். மெல்லிசாக வேண்டுமா, விரல் கனத்துக்கு வேண்டுமா என்று வந்தவர்கள் வாயைத் திறப்பதற்குள் முகத்தைப் பார்த்தே சீவிவிடுவார் என்று பேர். பெண்டாட்டி முகத்தை மட்டும் அவர் அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் சமையலறை அவருடையது. சனிக்கிழமை விற்காமல் நின்றுபோன ஹாம் துண்டுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். மறுநாள் காலை அவை பாஸ்தாவுக்குள் போகும். கல்யாணமான முதல் ஞாயிறு, புது வீட்டில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று பிடிபடாமல், உப்பு என்று நினைத்துச் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டார். தட்டில் வைத்த பிறகுதான் தெரிந்தது. முகம் தொங்கிப்போயிற்று. எதிரே அவருடைய தங்கை வேறு, புதுப்பெண்ணின் வாய் எந்தப் பக்கம் கோணும் என்று பார்க்க வசதியாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். புதுப்பெண் கோணவில்லை. “நல்லா இருக்கு” என்றாள். தட்டையும் காலி செய்தாள்.

அந்த இரண்டு வார்த்தைக்கு முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தண்டனை நடந்தது. அடுத்த வாரம் வேண்டுமென்றே மூன்று கரண்டி சர்க்கரை விழுந்தது. பிறகு தேன் வந்தது. அதன் பின்னால் உலர்திராட்சை வந்தது. செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை மாதிரி அந்தப் பாஸ்தா வருஷத்துக்கு வருஷம் கெட்டுக்கொண்டே போயிற்று. நாலாவது வாரம் உண்மையைச் சொன்னால் மூன்று வாரம் பொய் சொன்னது வெளியே வரும். பத்தாவது வருஷம் சொல்வதற்கோ வாயே வராது. மகனும் மகளும் சின்ன வயதில் இனிப்புக்காகத் தின்றார்கள், வளர்ந்ததும் பல்வலியைச் சொல்லித் தப்பித்தார்கள். நாத்தனார் சர்க்கரை வியாதியைக் காட்டினாள். இவளுக்குக் காட்ட ஒரு வியாதியும் இல்லை. நல்ல உடம்பு.

அவர் மட்டும் தொட மாட்டார். “வாரம் பூரா அந்த வாசனையிலதான் நிக்கிறேன். எனக்கு ரொட்டி போதும்” என்று எதிரில் உட்கார்ந்து, அவள் கடைசி வாய் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். சினிமா பார்க்கிற மாதிரி.

முந்தாநாள் வந்த டாக்டர், “என்ன கேக்குறாரோ குடுங்க” என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது யார் முகத்தையும் பார்க்காமல் போனார். அதற்கு அர்த்தம் சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை. நேற்று மகனும் மகளும் வந்து, கடையிலேயே சீவிய ஹாமாக நிறைய வாங்கி, மேசை நிறையச் சமைத்து வைத்தார்கள். ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி அவரவர் வீட்டுக்குப் போனார்கள். இன்றைக்கு விடிந்ததும் அவர் கண்ணைத் திறந்தார்.

“ஹாம் மிச்சம் இருக்கில்ல?”

“இருக்குங்க.”

“பாஸ்தா பண்ணு. இன்னைக்கு நானும் உன்னோட சாப்பிடுறேன்.”

“நீங்களா?”

“ஏன், நான் செஞ்சத நான் ஒரு நாளாவது சாப்பிட வேணாமா? நான் எப்படிப் பண்ணுவேனோ அப்படியே பண்ணு.”

ஒரு வாய் போதும். இத்தனை ஞாயிறும் அவள் எதைத் தின்றுவிட்டுத் தலையாட்டினாள் என்பது அந்த ஒரு வாயில் தெரிந்துவிடும். புறப்படப் போகிற மனுஷன் கையோடு கொண்டுபோக வேறு எதுவுமே கிடைக்கவில்லையா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஹாமை வதக்கும்போதே முடிவு செய்துவிட்டாள். ஒரு வெங்காயத்தைச் சத்தமில்லாமல் நறுக்கிப் போட்டாள். ஆப்பிளை மெல்லிய துண்டுகளாக்கி வெண்ணெயில் புரட்டினாள். அந்த இனிப்பே போதும். மிளகைப் பொடித்துத் தூவினாள். துளி வினிகர். சட்டியிலிருந்து எழுந்த மணம் அந்தச் சமையலறைக்கே புதிது. இத்தனை வருஷமாக மனசுக்குள்ளேயே சமைத்து வைத்திருந்தாள் போலும், கை எங்கும் தடுமாறவில்லை.

“சர்க்கரை?” என்றது கட்டில்.

“இதோ போடுறேன்.”

டப்பா மூடியை வேண்டுமென்றே சத்தமாகத் திறந்தாள். கரண்டியை உள்ளே விட்டு அள்ளினாள். சட்டிக்கு மேல் கொண்டுபோகாமல், டப்பாவுக்குள்ளேயே கொட்டினாள். இரண்டாவது கரண்டி. மூன்றாவதை அள்ளிக்கொண்டு திரும்பியபோது வாசற்படியில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள்.

மாடியில் குடியிருந்த நாத்தனாருக்குத் தெருவில் ரேடியோ என்று பேர். அணைக்கிற குமிழ் இல்லாத ரேடியோ. பக்கத்து வீட்டுத் தையல்காரர் பெண்டாட்டியோடு பேசுவதில்லை என்பது தையல்காரருக்கே அவள் சொல்லித்தான் தெரியும். அப்பேர்ப்பட்டவள் கரண்டியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், சட்டியை எட்டிப் பார்த்தாள். வாயும் திறந்தது.

முன்னறையிலிருந்து அவர் கேட்டார். “மூணு கரண்டி போட்டாச்சா?”

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது.

“போட்டாங்கண்ணா” என்றாள் ரேடியோ. “குவியக் குவிய மூணு. இதோ இங்கதான நிக்கிறேன், பாக்குறேன்ல?”

பிறகு அண்ணியின் கையிலிருந்து கரண்டியை வாங்கி, சர்க்கரையை டப்பாவில் தட்டிவிட்டு, மூடியை அழுத்தி மூடினாள். “தேனு பாட்டிலையும் ஒருவாட்டி டொக்குனு வைங்க” என்று காதோடு சொன்னாள். “இல்லாட்டி அதையும் கேப்பாரு.”

இருவருமாக அவரைத் தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்தார்கள். தட்டை அவள் பிடித்துக்கொள்ள, முள்கரண்டியைத் தானே பிடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஒரு பாஸ்தா, ஒரு துண்டு ஹாம், கொஞ்சம் ஆப்பிள். அது மெல்ல மெல்ல வாய்க்குப் போகும்வரை இரண்டு பெண்களும் முள்கரண்டியையே பார்த்தார்கள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயில் வைத்தார். கசாயம் குடிக்கிற முகம்.

மென்றார். நிறுத்தினார். கண்ணைத் திறந்தார்.

அவளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. புரையேறிவிட்டதோ என்று ரேடியோ தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். இருமல் இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கத் தெம்பு இல்லாததால் சத்தம் வரவில்லை, தண்ணீராகக் கண்ணில் வந்தது.

“என்னங்க, நல்லா இல்லையா?”

“நல்லா இருக்கு” என்றார்.

இரண்டாவது வாய் வைத்தார். மூன்றாவதும் இறங்கியது. பிறகு தட்டை அவள் பக்கம் தள்ளினார். “நீ சாப்பிடு.”

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வழக்கம் போல அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பாதித் தட்டு ஆனதும், இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“உப்பு சரியா இருக்கா உனக்கு?”

“சரியா இருக்குங்க.”

“ம்” என்றார். அவள் முழங்காலில் கையை வைத்தபடியே தூங்கிப்போனார்.

மத்தியானம், அவள் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தபோது அறை வேறு மாதிரி இருந்தது. தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ரேடியோவைக் கூப்பிட்டாள். மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தவள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள், தெருவுக்கு ஓடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீடுகளுக்கு விஷயம் அன்றைக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அவள் வாயிலிருந்து அவ்வளவு தாமதமாக ஒரு செய்தி வெளியானது அதுவே முதல் தடவை என்று பிறகு எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியதும், உட்கார இடமில்லாத அளவுக்குக் கூட்டம். பாதிப் பேர் அவரிடம் ஹாம் வாங்கியவர்கள். இறைச்சிக் கடை முதலாளி ஒரு முழு ஹாமை எலும்போடு வெள்ளைத் தாளில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவது போல் தூக்கி வந்து மேசையில் கிடத்தினார். பெரிய உடம்பு, சின்ன நாற்காலி. உட்கார்ந்ததும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி ஆரம்பித்தார்.

“திங்கக்கிழம கடையத் தொறந்தா மொதப் பேச்சே உங்களப் பத்திதாம்மா. ‘நேத்து ரெண்டு தட்டு சாப்பிட்டா மொதலாளி’ன்னு சொல்லுவாரு. எங்களுக்கே ஆசையா இருக்கும்.”

அவள் தலையை ஆட்டினாள்.

“ஒரு நா கேட்டேன். ‘யோவ், அவ்ளோ நல்லா இருந்தா நீ ஏன்யா சாப்பிட மாட்டேங்குற?’ அதுக்கு அவரு சொன்னாரு பாருங்க, இப்ப நெனச்சாலும்…” முதலாளி சிரிக்க ஆரம்பித்து, எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைவு வந்து, அடக்கிக்கொண்டார். “‘கல்யாணமான புதுசுல, அவ முழுத் தட்டு சாப்பிட்டாளேன்னு சட்டியில ஒட்டுனத ஒரு வாய் போட்டேன் மொதலாளி. ஜாமுக்குள்ள கறி விழுந்த மாதிரி இருந்துச்சு. கொல்லப்பக்கம் போயித் துப்பிட்டேன். அதிலேருந்து தொடறதில்ல. ஆனா அவளுக்கு இனிப்புன்னா உசுரு. வேற என்னத்த நான் செஞ்சு குடுத்துட்டேன் அவளுக்கு’ன்னாரு.”

யாரோ இரண்டு பேர் மெல்லச் சிரித்தார்கள். மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

சுவரோரம் காபிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ரேடியோ அடுக்குவதை நிறுத்தினாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்துக்குள் புகுந்து வந்து அண்ணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“அண்ணி” என்றாள். அவ்வளவு சின்னக் குரல் அவளிடம் இருந்ததே யாருக்கும் தெரியாது. “அப்போ நேத்து காலையில, ஒரு வாய் வெச்சதுமே அண்ணனுக்கு…”

“தெரிஞ்சிருக்கு.”

“நான் வேற குவியக் குவிய மூணுன்னு சொன்னேனே.”

“சொன்னே.”

ரேடியோ அங்கேயே நின்றாள். அவள் நாத்தனாரின் கையைப் பிடித்து, நாற்காலிக் கைப்பிடியில் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பசி நேரம். வந்தவர்கள் எழுந்து போகவும் தயங்கினார்கள், உட்காரவும் முடியவில்லை. மகள் மேசையருகே போய் வெள்ளைத் தாளைப் பிரித்தாள். பிரித்துவிட்டு யாரைக் கூப்பிடுவது என்று சுற்றிப் பார்த்தாள். மகன் கையைப் பிசைந்தான். அந்த வீட்டில் முழு ஹாமில் கத்தி வைத்தவர் ஒரே ஒருவர்தான்.

முதலாளி நாற்காலியிலிருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து, சட்டைக் கையை மடித்தார். “குடுங்கம்மா. நான் சீவித் தரேன்.”

“நீங்க உக்காருங்க” என்றாள் அவள்.

சமையலறையிலிருந்து நீளமான கத்தியை எடுத்து வந்தாள். எலும்பை இடது கையால் அழுத்திப் பிடித்தாள். முதல் துண்டு ஒரு பக்கம் பலகை மாதிரி கனமாக, மறுபக்கம் ஒன்றுமில்லாமல் வந்தது. அடுத்தது பாதியில் அறுந்தது. முதலாளியின் விரல்கள் தாமாகவே அசைந்தன. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமாக நடக்கிறது போலப் பார்க்க ஆரம்பித்தார்.

ரேடியோ முதல் தட்டை நீட்டினாள். அவள் அறுந்த துண்டுகள் இரண்டையும் ஒட்டவைத்துப் போட்டுவிட்டு, கத்தியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, அடுத்ததைத் தொடங்கினாள்.