எதிர்ப்பவர்கள், அதே விதமாக

அணை மறுபடியும் போய்விட்டது. முதல் நாள் தெற்கே மலைப்பக்கம் வானம் கறுத்துக் கிடந்தபோதே எல்லோருக்கும் தெரியும். விடிந்ததும் பிஷப் லாரிட்ஸ் ஹோல்ம் கரைக்குப் போய் நின்றார். குளிர்காலம் முழுக்க மாடு கட்டி இழுத்து வந்து அடுக்கிய மரமும் கல்லும் இருந்த இடத்தில் செம்மண் குழம்பு சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. பகீர் என்றிருக்க வேண்டும் அவருக்கு. இல்லை. பூட்ஸில் சேறு ஏறுகிறதே என்று தோன்றியது, ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

பிஷப் என்றதும் அங்கியும் மோதிரமும் நினைவுக்கு வந்தால் அது வேறு சபை. ஊரார் மார்மன்கள் என்று சொல்கிற இந்தப் பரிசுத்தவான்களிடையே பிஷப் என்பவன் ஆறு நாள் ஏர் பிடித்து, ஏழாம் நாள் பிரசங்கம் பண்ணி, நடுவில் மாட்டுத் தகராறும் வாய்க்கால் தகராறும் தீர்த்துவைக்கிறவன். சம்பளம் கிடையாது. வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

டென்மார்க்கிலிருந்து மனைவி சிட்செலோடு கடல் தாண்டி, சமவெளியை நடந்தே கடந்து, யூட்டாவின் சான்பீட் பள்ளத்தாக்கில் கல்வீடு கட்டினார் அவர். சபை வழக்கப்படி இன்னொருத்தியையும் மணந்துகொள்ளலாமே என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "இருக்கிற ஒருத்திக்கே பதில் சொல்ல முடியல" என்று தப்பித்துக்கொண்டார். ஆப்பிள் மரம் முதன்முதலாகக் காய்த்த வருஷம் சபை மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது. தெற்கே அரிசோனாவுக்குப் போ, ஆற்றை மறித்துக்கட்டு, ஊர் எழுப்பு. அழைத்தால் போக வேண்டும், விடுவிக்கும்வரை திரும்பக் கூடாது. ஆப்பிள் பழுப்பதற்குள் வண்டி கட்டிவிட்டார்கள். வண்டியின் முன்பலகையில் பிரேக் கட்டைப் பக்கத்து நுனியில் மகன் நீல்ஸ் உட்கார்ந்து, இறக்கம் வரும்போதெல்லாம் கட்டையை இழுத்துப் பிடித்து, பெரிய மனுஷன் தோரணையில் வந்தான்.

அந்த நீல்ஸ்தான் இதற்கு முந்தைய அணையில் மரம் உருண்டு செத்தான். கல்லறையை ஆசீர்வதிக்க வேண்டியவர் பிஷப். அவரே ஜெபம் பண்ணினார், குரல் பிசிறவில்லை. எப்பேர்ப்பட்ட விசுவாசம் என்று ஊர் மெச்சியது. விசுவாசமாவது ஒன்றாவது, உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. அன்றைக்கு அந்த ஜெபத்தில் சொன்னதுதான், அதற்கப்புறம் மகன் பெயர் அவர் வாயில் வரவில்லை.

இப்போது மிச்சம் இருப்பது சின்னவள் எல்னா. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். வாளியில் பாதி சேறாக வரும் அந்த ஆற்றுத் தண்ணீரைப் பீப்பாயில் தெளியவைத்துக் கொடுத்தாலும் குடித்ததைக் கக்குகிறாள். இன்னொரு கோடையை இவள் தாங்க மாட்டாள் என்று சிட்செல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை மேலிடத்திலிருந்து செய்தி வந்தது. பெத்துவேல் என்ற இந்த ஊர் மக்கள் பாடுபட்டது போதும். அணையை மறுபடி கட்டுவதா, விடுதலை பெற்று வீடு திரும்புவதா என்பது ஊர்ச் சபையின் விருப்பம். ஞாயிறன்று பிஷப் கேட்கட்டும், சபையார் கையுயர்த்திச் சொல்லட்டும்.

ஞாயிறு காலை சிட்செல் அவர் கழுத்துப்பட்டியை இழுத்துச் சரிசெய்தபடியே பேச்செடுத்தாள்.

"எதை முதல்ல கேக்கப் போறீங்க?"

"எதைக் கேட்டா என்ன?"

"என்னவா? இத்தனை வருஷத்துல நீங்க கேட்டு யாராச்சும் கை தூக்காம இருந்திருக்காங்களா? நாளையிலேருந்து தலைகீழா நடக்கலாமான்னு கேட்டாலும் தூக்குவாங்க. முதல்ல எதைக் கேக்கறீங்களோ அதுதான் நடக்கும். 'வீட்டுக்குப் போகலாமா'ன்னு முதல்ல கேளுங்க. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அவள் சொன்னது நிஜம். கை தூக்குவது அங்கே மூச்சு விடுவது மாதிரி. மேலே உள்ளவன் ஆண்டவர் சொல்லித்தான் கேட்கிறான், நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் எண்ணம். "ஆதரிப்பவர்கள் வலது கையை உயர்த்துங்கள்" என்றதும் கூரையை முட்டுகிற மாதிரி கைகள் எழும். "எதிர்ப்பவர்கள், அதே விதமாக" என்பது பேச்சுக்கு. அதைச் சொல்லும்போது நிமிர்ந்து பார்க்கிற வழக்கம்கூட லாரிட்ஸுக்குக் கிடையாது.

"சரி, கேக்கறேன்," என்றார்.

மரக்கட்டைக் கூடம் நிறைந்திருந்தது. பாட்டு முடிந்து, அப்பமும் தண்ணீரும் சுற்றி வந்தன. உதவியாளரான கிழவர் ஆல்மா ஸ்டோக்ஸ் செய்தியைப் படித்தார். லாரிட்ஸ் எழுந்தார். என்ன கேட்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். வீட்டுக்கு, வீட்டுக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் எழுந்தார். ஆனால் வாய்க்குப் பழகிய தடம் ஒன்று இருந்தது, ஒவ்வொரு வெள்ளத்துக்கு அப்புறமும் இதே இடத்தில் நின்று கேட்ட கேள்வி. செக்குமாடு மாதிரி வாய் அதிலேயே போனது.

"அணையை மறுபடி கட்டுவதை ஆதரிப்பவர்கள் வலது கையை உயர்த்துங்கள்."

கைகள் எழுந்தன. காய்ப்புக் காய்த்த கைகள், விரல் போன கை ஒன்று, போன வாரம்தான் பிள்ளை பெற்றவளின் வெளுத்த கை. ஐயோ, தப்பாகக் கேட்டுவிட்டோமே என்று அறிவு சொன்னது. நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை.

"எதிர்ப்பவர்கள், அதே விதமாக," என்று சொல்லிக்கொண்டே பாட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

கூடத்தில் சத்தம் அற்றுப்போனது. நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது பெஞ்சில் இடது தோளில் எல்னாவைச் சாய்த்துக்கொண்டு சிட்செல் வலது கையை உயர்த்தியிருந்தாள்.

எதிர்ப்பு வந்தால் காரணம் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இதுவரை யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

"சிஸ்டர் ஹோல்ம், காரணம் சொல்லுங்க."

"அந்த ஆத்துக்கு ஒண்ணு குடுத்துட்டேன், பிஷப். இன்னொண்ணு குடுக்க மாட்டேன்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. லாரிட்ஸின் காதில் தன் குரல் அடுத்த அறையிலிருந்து வருவது மாதிரிக் கேட்டது. "எதிர்ப்பு ஒண்ணு. தீர்மானம் நிறைவேறியது." பாட்டு எண்ணைச் சொன்னார். பாடினார்கள்.

வெளியே வேலியோரம் ஸ்டோக்ஸ் வந்து ஒட்டி நின்றார். "பிஷப், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் போகணும்தான். என் மூட்டு இனிமே அந்தத் தண்ணியில நிக்காது."

"அப்புறம் ஏன் தூக்கினீங்க?"

"நீங்க கேட்டீங்களே! நீங்க கேட்டு நான் தூக்கலேன்னா நல்லாவா இருக்கும்?"

"எனக்கும் போகணும்தான், பிரதர் ஸ்டோக்ஸ்."

கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அட, கொடுமையே. அப்ப அணை யாருக்குத்தான்யா வேணும்?"

"தெரியல."

"ஆத்துக்கு வேணாம். அது மட்டும் நிச்சயம்." சிரிக்கப் பார்த்தார் ஸ்டோக்ஸ், சிரிப்பு வரவில்லை. "திரும்பக் கேட்டுடலாமா?"

"ஆண்டவர் முன்னால தூக்கின கை. திரும்பக் கேட்டா, முன்னே தூக்கினது பொய்யான்னு ஆயிடும்."

இப்படித்தான் ஊரே விரும்பாத ஒன்றை ஒருத்தி தவிர ஊரே ஒருமனதாகச் செய்யக் கிளம்பியது. இந்த ஜனங்களை என்ன சொல்ல? நல்லவர்கள். ரொம்ப நல்லவர்கள்.

சிட்செல் சண்டை போடவில்லை. வடக்கே போகும் வண்டிக் கூட்டம் ஒன்று புதன்கிழமை துறையைக் கடக்கிறது, அதோடு சேர்ந்து சான்பீட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். லாரிட்ஸ் தலையாட்டினார். அச்சுக்கு மசகு போட்டார், ஆரக்கால் ஒன்று ஆடியதை இறுக்கினார், பீப்பாயில் நன்றாகத் தெளிந்த தண்ணீரை ரொப்பினார். அக்கம்பக்கத்தில் சோள ரொட்டியும் பாகு ஜாடியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். பொண்டாட்டி பிள்ளையை வழியனுப்புகிற மனுஷன் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யக் கூடாது. அது அவருக்கே தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம், கை தன்பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போனது.

புதன்கிழமை வெயில் ஏறுமுன் மாடு பூட்டியாயிற்று. வண்டி மேலே சிட்செல் மாட்டுக் கயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கம்பளிக்குள் எல்னா.

"வர்றீங்களா?" என்றாள்.

"என்னை இன்னும் விடுவிக்கலையே."

"யாரு விடுவிக்கணும்?"

"மேல இருக்கறவங்க. சபை கையுயர்த்தணும்."

சிட்செல் கயிற்றை மடியில் வைத்தாள். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, கூடத்தில் அவர் பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"பிஷப் லாரிட்ஸ் ஹோல்மை நன்றியோட விடுவிக்கிறதை ஆதரிக்கிறவங்க வலது கையை உயர்த்துங்க."

"உனக்கு அதுக்கு அதிகாரம் கிடையாது, சிட்செல்."

"தெரியும்," என்று கையை உயர்த்தினாள். கம்பளிக்குள்ளிருந்து எல்னாவின் கையும் எழுந்தது. "அது பீச்சாங்கைடி, கண்ணு. வலது கை." குழந்தை மாற்றிக்கொண்டது.

"எதிர்க்கிறவங்க, அதே விதமா."

அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. நேராக அவரையே பார்த்துக் காத்திருந்தாள்.

லாரிட்ஸின் வலது கை மசகோடு சக்கரத்தின் மேல் இருந்தது. உயர்த்தினால் போதும், இத்தனை காலம் சொன்னபோதெல்லாம் எழுந்த கைதான். எழு என்றார். அது எழவில்லை. யாரோ ஒருத்தன் கை மாதிரி அங்கேயே கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆற்றங்கரையில் ஸ்டோக்ஸின் ஆட்கள் முதல் மரத்தை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எதிர்ப்பு இல்ல," என்றாள் சிட்செல். அவள் குரல்தான் உடைந்தது. "ஏறுங்க."

அவர் சுற்றி வந்து மறுபக்கம் ஏறினார். எல்னா நகர்ந்து இடம் விட்டாள். பிரேக் கட்டை முழங்காலில் இடித்தது. அந்த நுனிப் பலகையைத் தடவிப் பார்த்தார், இரண்டு முறை தடவினார்.

"இது நீல்ஸ் உக்காந்து வந்த எடம்," என்றார்.

சிட்செல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடுகளை அதட்டினாள். வண்டி அசைந்தது.

"பிரேக்கைப் பிடிச்சுக்குங்க," என்றாள். "இறக்கம் வருது."