எல்லோருக்கும் நிமோனியா

1

இந்தக் கதையை என் அண்ணி சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டுப் போனார். அவர் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் டாக்டர். "எங்க பக்கம் நிமோனியா பயங்கரமாப் பரவுதாம். விசாரிக்க ஒரு குழுவே வந்துச்சு. ஆனா ஒருத்தருக்கும் நிமோனியா இல்ல" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நோயாளியே இல்லாத கொள்ளைநோய்! எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? அவர் திரும்பி வந்ததும் மிச்சத்தையும் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டேன். கை கழுவியதும் கழுவாததுமாக எழுத ஓடினேன்.

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் டாக்டர்…' (வேண்டாம். மழையைக் கொண்டுவந்தால் நீங்கள் உடனே அழத் தயாராகிவிடுவீர்கள்.)

அடுத்தது: 'நுண்ணுயிர்க்கொல்லிகளின் தேவையற்ற பயன்பாட்டைக் குறைக்கும்பொருட்டு…' (இது சுற்றறிக்கை. கொட்டாவி விட்டுவிட்டீர்கள், பார்த்தேன்.)

நேராகவே சொல்கிறேன். சளிக்கும் தொண்டைவலிக்கும் ஆன்டிபயாட்டிக் எழுதக்கூடாது என்று மேலிடத்திலிருந்து விதி வந்தது. நல்ல விதிதான். கண்டபடி விழுங்கினால் நிஜமாகத் தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாது. காவலுக்குக் கணினியை வைத்தார்கள். 'சளி' என்று பதிந்தால் மருந்துச் சீட்டு வராது. 'நிமோனியா' என்று பதிந்தால் சட்டென்று வரும்.

3

டாக்டர் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார். வெந்நீர் குடியுங்கள், ஓய்வெடுங்கள் என்று தொண்டை வறளச் சொன்னார். அப்புறம் ஒரு பஸ் டிரைவர் வந்தார்.

"நாளைக்கு வண்டி எடுக்கணும் டாக்டர். வெந்நீர் குடிக்கச் சொல்ல வீட்லயே ஆள் இருக்கு. மாத்திரை எழுதுங்க."

வெளியே வரிசை முணுமுணுத்தது. டாக்டர் 'நிமோனியா' என்று தட்டினார். டிரைவர் கும்பிடாத குறையாகப் போனார். மறுநாள் வரிசை முழுக்க நிமோனியா.

மருந்து கொடுப்பவர் எதைக் கொடுத்தாலும் "மூணு வேளை" என்பார், அதனால் அவர் பேரே மூணுவேளை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார். "இது நம்ம நிமோனியாவா டாக்டர், நிஜ நிமோனியாவா?"

"நம்மளோடதுதான், குடுங்க."

(அண்ணி இவ்வளவு லேசாகவா பேசியிருப்பார்? இந்த வரியை அடித்துவிடலாமா என்று… இல்லை, இருக்கட்டும். பழகிவிட்டால் வாய் கூசாது.)

4

விசாரிக்க வந்த குழு கன்னாபின்னாவென்று திட்டிவிட்டுப் போனது. பெரிய ஆஸ்பத்திரிவரை சேதி பரவியது. அங்கே இந்த நிலையத்தின் பேரைச் சொன்னாலே சிரித்தார்கள்.

(இதுவரை அண்ணி சொன்னது. இனி நான் கட்டுவது. தெரிந்தால் வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடையாது. ஆனாலும் கை நிற்க மாட்டேன் என்கிறது!)

ஒருநாள் மூணுவேளையே டாக்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் நம்ம நிமோனியாவப் போட்டுடுங்க டாக்டர்" என்று இருமிக்கொண்டே சிரித்தார்.

டாக்டரும் சிரித்தபடி முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். சிரிப்பு நின்றது. இன்னும் கொஞ்சம் கீழே வைத்துக் கேட்டார். அவர் கையைத் திருப்பி நகங்களைப் பார்த்தார். நீலம் பாரித்திருந்தன.

"எப்பலேர்ந்து மூச்சு வாங்குது?"

"நேத்து… மாடி ஏறும்போது…" மிச்சத்தைச் சொல்ல மூணுவேளைக்குக் காற்று போதவில்லை.

டாக்டர் ஆக்ஸிஜன் முகமூடியை எடுத்து அவருக்கு மாட்டினார். அங்கிருந்த ஆக்ஸிஜன் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் வண்டி வந்தாக வேண்டும்.

5

ஒரு முடிவு: வண்டி வருகிறது. தேறிய மூணுவேளை, தன் மாத்திரையைத் தானே வாங்கிக்கொண்டு "மூணு வேளை" என்கிறார். (ரொம்ப இனிப்பு.)

இன்னொன்று: வண்டி வரவில்லை. டாக்டர் அவர் கையைப் பிடித்தபடி… (முடியவில்லை. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.)

அதனால் நீங்கள் வாருங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் போன் பக்கத்தில் உட்காருங்கள். இருப்பது ஒரே வண்டி, அதை அனுப்புவது உங்கள் பொறுப்பு. விபத்தில் அடிபட்ட ஒருவருக்கும் இப்போதுதான் கேட்டிருக்கிறார்கள். போன் அடிக்கிறது, எடுங்கள்.

"நிமோனியா கேஸ்" என்கிறார் டாக்டர். எந்த நிலையம் என்று கேட்கிறீர்கள். சொல்கிறார். உங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

"இல்லங்க, இது நிஜம். சத்தியமா நிஜம்."

பின்னால் யாரோ இருமுவது கேட்கிறது. போனில் எல்லா இருமலும் ஒரே மாதிரிதான் கேட்கும். நான் பேனாவை மூடிவிட்டேன். டாக்டர் இன்னும் லைனில்தான் இருக்கிறார்.