ஏற்பு ஊசி போட்டதா?

ஊதா மருந்து கேட்கப் போன இடத்தில் ஊசி அறைக் கொப்பியைச் சும்மா புரட்டினேன். நீக்கிலாப்பிள்ளையின் பெயர் அதில் இல்லை. காலையில் துருப்பிடித்த நங்கூரம் காலைக் கிழித்துவிட்டதென்று வந்த குருநகர்க் கிழவர். தையல் போட்டிருக்கிறார்கள். ஏற்பு ஊசி போடவில்லை.

அவசரப் பிரிவில் நோயாளிகளுக்குத் துண்டு எழுதுகிறவள் நான். மூன்று வருடங்களுக்கு முன் என் மனுஷன் யாகோப்பும் இப்படித்தான் காலைக் கிழித்துக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். தைத்து அனுப்பினார்கள். ஏற்பு ஊசி போட்டதா என்று ஒரு சனம் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் ஏற்பு வந்து தாடை இறுகியது. பிறகு மூன்று நாள் துடித்துச் செத்துப்போனார். டொக்டரோடு மல்லுக்கட்டி நான்தான் துண்டில் குத்த ஒரு ரப்பர் சீல் செய்வித்தேன்: ‘ஏற்பு ஊசி போட்டதா?’ துண்டைப் பார்க்கிற டொக்டர் இனி மறக்கமாட்டார் என்று எனக்குப் பெரிய எண்ணம். பொருளாதாரத் தடையால் சீலுக்கு மை வருவதில்லை. புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்தில் தோய்த்து ஒவ்வொரு துண்டிலும் குத்துவேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். கடற்கரை ஒழுங்கையில் கிடந்த தகரத்தில் சறுக்கி விழுந்து, எழும்பித் திரும்பவும் மிதித்தேன். கிழவர் முற்றத்தில் தனியே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“அப்பு, ஊசி போடாமல் ஏன் வந்தனீங்கள்?”

“சீல் குத்தியாச்சுத்தானே பிள்ளை. கூப்பன் கடையிலை சாமான் தந்து முடிஞ்சாத்தானே அட்டையிலை குத்துவினம். ஊசி அறை வாசலிலை நிண்ட பிள்ளையும் சீலைப் பாத்திட்டு, அலுவல் முடிஞ்சுது, போங்கோ எண்டவள்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் சீல் இன்னும் எத்தனை பேரை ஊசி இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியதோ, மாதாவே!

அவரைக் கரியரில் இருத்தி, சைக்கிளை ஆஸ்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு வந்து ஊசி போடுவித்தேன். சட்டைக் கையை இறக்கிக்கொண்டே கிழவர் குனிந்து பார்த்தார்.

“உன்ரை காலிலை இரத்தமெல்லே ஓடுது. நீ ஊசி போட்டனியோ?”

யாகோப்பு போனபின், சாப்பிட்டாயா என்றுகூட என்னை ஒருவரும் கேட்டதில்லை.

“இல்லை அப்பு.”

மேசையில் இருந்து புதுத் துண்டொன்றை எடுத்தேன். மக்டலீன், வயது முப்பத்தெட்டு என்று என்னையே எழுதினேன். பழக்கத்தில் கை சீலுக்குப் போனது, இழுத்துக்கொண்டேன். நான் எழுதி முடிக்கும்வரை கிழவர் போகாமல், தையல் போட்ட காலை மர வாங்கில் நீட்டியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.