வேட்டி வகுப்பு

தியாகராய நகரில் ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் அந்த ஆரம்பப் பள்ளிக்குப் பலகையில் நீளமான பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. ஆட்டோக்காரரிடம் 'குடோன் ஸ்கூல்' என்றால் போதும், வாசலில் இறக்கிவிடுவார்.

குடோனாக இருந்த இடம்தான். திருநெல்வேலியிலிருந்து வந்து கடை வைத்த ஒரு முதலாளி தன் கடையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் தெருவில் திரியக்கூடாது என்று துணி மூட்டைகளுக்கு நடுவே அவர்களை உட்கார வைத்தார். கடையின் கணக்குப்பிள்ளை ஓய்ந்த நேரத்தில் வந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். மூட்டைகள் குறைந்தன, பிள்ளைகள் கூடினார்கள். கடைசியில் மூட்டைகளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதாகிவிட்டது. அரசு அங்கீகாரம், சத்துணவு எல்லாம் பின்னால் வந்தவை.

மூட்டைகள் போனாலும் அவற்றின் பெயர்கள் போகவில்லை. எந்தத் துணி எங்கே அடுக்கியிருந்ததோ அதுவே அங்கே உட்காரும் வகுப்பின் பெயர். ஒன்றாம் வகுப்பு துண்டு. இரண்டு, கைலி. மூன்று, வேட்டி. நான்கு, சேலை. ஐந்து, பட்டு. "எம் பொண்ணு இந்த வருஷம் சேலைக்குப் போறா" என்று எந்தத் தாயாவது சொன்னால் வெளியூர்க்காரர்கள் பதறிப்போவார்கள்.

ஐந்து வகுப்புக்கும் ஒரே நீள ஹால். நடுவில் ஒரு சுவர்கூடக் கிடையாது.

ஷண்முகப்ரியா வேட்டிக்கு டீச்சர். நங்கநல்லூரிலிருந்து ரயிலேறி மாம்பலத்தில் இறங்கி, கூட்டத்தில் இடி வாங்கி, கசங்கின சேலையை வாசலில் சரிசெய்துகொண்டு உள்ளே வருவாள். கரும்பலகையில் அவள் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். ஒரு வாழைத்தாரை அவள் வரைந்தால் பிள்ளைகள் எத்தனை பழம் என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். குரல்தான் கிடையாது. இருக்கிற குரல் இரண்டாவது பெஞ்சோடு நின்றுவிடும்.

பக்கத்தில் சேலைக்கு மர்சலின் டீச்சர். சாந்தோமிலிருந்து வருகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவில் பாடற்குழுவில் முன்வரிசை. மர்சலின் வாய்ப்பாட்டைச் சொல்லமாட்டாள், பாடுவாள். ஒவ்வொரு வாய்ப்பாட்டுக்கும் ஒரு மெட்டு. சேலை பாடும்போது வேட்டியும் சேர்ந்து பாடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஷண்முகப்ரியா எதிர்த்துக் கத்திப் பார்த்தாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். பிறகு ஒருநாள், பெரிய யோசனை எதுவும் இல்லாமல், தன் கணக்குப் பாடவேளையை மர்சலினின் கணக்குப் பாடவேளைக்கே மாற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து நிம்மதி. பின்னணி பாடுவது மர்சலின், வாயசைப்பது இவள். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தால் பார்க்கிறவர்களுக்கு இவள்தான் நடத்துகிறாள் என்றே தோன்றும். சோதனைக்கு வந்த அதிகாரி, "மூணாங்கிளாஸ் இவ்ளோ நல்லா வாய்ப்பாடு சொல்லி நான் பாத்ததில்லம்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்று ரயிலில் இடம் கிடைத்தும் உட்காரக் கூசி நின்றுகொண்டே போனாள்.

இப்படிப் பதினான்கு வருஷம் ஓடியது. தான் ஒரு டீச்சர்தானா, டீச்சருக்குப் பக்கத்தில் நிற்கிறவளா என்ற கேள்வி எப்போதாவது சமையலறையில், குக்கர் சத்தத்துக்கு நடுவே எட்டிப்பார்க்கும். அடுப்பை அணைத்ததும் அதுவும் அடங்கிவிடும்.

இந்த ஆகஸ்டில் தாளாளர் இசக்கிமுத்து ஆசிரியர்களைக் கூட்டினார். பள்ளியைத் தொடங்கிய முதலாளியின் பேரன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான் என்றாலும் வீட்டில் பேசும் திருநெல்வேலித் தமிழ் வாயைவிட்டுப் போகவில்லை.

"காலாண்டு லீவுல ஹாலுக்குத் தடுப்புப் போட்டுருவோம். கிளாஸுக்கு ஒரு ரூம். ஆசாரிட்ட சொல்லி வச்சிருக்கேன். எல்லாருக்கும் சந்தோசந்தானே?"

தலைமையாசிரியை அஸ்மத்துன்னிசா முகமெல்லாம் சிரிப்பாக, "சந்தோஷமாவா? எத்தினி வருஷமா கேட்டுட்டு இருக்கோம் சார்!" என்றாள்.

"வேண்டாம் சார்."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷண்முகப்ரியாவும்கூடத் திரும்பிப் பார்க்காத குறைதான்.

"ஏ, ஷண்முகப்ரியா டீச்சரா? உங்க சத்தத்த இன்னைக்குத்தான் கேக்கேன். ஏன் வேண்டாங்கிய?"

காரணம் வேண்டுமே. கண்ணில் பட்டது சுவரில் மாலையோடு இருந்த முதலாளித் தாத்தாவின் படம்.

"தாத்தா நினைச்சிருந்தா அன்னிக்கே சுவர் வெச்சிருப்பார் இல்லையா சார்? வாசல்ல நின்னா துண்டுலேர்ந்து பட்டு வரைக்கும் எல்லாப் பிள்ளையும் ஒரே பார்வையில தெரியணும். அதனாலதான் வெக்கல. அதுதானே சார் இந்தப் பள்ளிக்கூடம்?"

அப்படி யாரும் சொன்னதில்லை. அந்த நிமிஷத்தில் அவளே கட்டியது. தாத்தாவிடம் செங்கல் வாங்கக் காசில்லாமல்கூட இருந்திருக்கலாம். ஆனால் பேசப் பேச அவளுக்கே அது உண்மைபோல இருந்தது. பொய் சொல்லும்போது மட்டும் குரல் இவ்வளவு நன்றாக வருகிறதே என்று உள்ளுக்குள் யாரோ வியந்தார்கள்.

இசக்கிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க தாத்தா அப்படியா நினைச்சாவ? எனக்கு இது தோணாமப் போச்சே" என்றார். ஆசாரி போட்டுக் கொடுத்த வரைபடத்தை மெதுவாக மடித்தார்.

ஷண்முகப்ரியா உட்கார்ந்தாள். தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள்.

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா?" மர்சலின் எழுந்தாள். அந்தக் குரல் ரகசியம் பேசுவதுபோல இருந்தது. "தொண்டைல முடிச்சு மாதிரி வந்திருக்குதாம். பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. ஆனா இனிமே கத்துனா கொரலே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு மாசமா கொயர்லகூடப் பாடல. தடுப்பு வந்தா என் கிளாஸுக்கு மட்டும் பேசுனாப் போதும். அதான் சார், தடுப்பு வேணும்னு கேக்கறேன்."

என் கிளாஸுக்கு மட்டும். மர்சலின் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், யார் பக்கமும் பார்க்காமல். ஆனாலும் ஷண்முகப்ரியாவுக்குக் காது மடல் சுட்டது. ரெண்டு மாசமா மெட்டு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது அவளுக்குத் தெரியும். தன் பிள்ளைகளுக்குச் சரியாகக் கேட்கவில்லையே என்று மனதுக்குள் குறைகூடப் பட்டிருக்கிறாள். அது இன்னொருத்தியின் தொண்டை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

எல்லோரும் இப்போது இவளைப் பார்த்தார்கள்.

"தாத்தா இருந்திருந்தா தடுப்புப் போட்டிருப்பார் சார்" என்றாள்.

இசக்கிமுத்து திகைத்தார். "இப்பத்தானே டீச்சர், வேண்டாம்னு நினைச்சாவன்னு சொன்னிய?"

"அது அப்போ, சார்."

அஸ்மத்துன்னிசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அக்டோபரில் பள்ளி திறந்தபோது தடுப்புகள் நின்றன. பளிச்சென்று வெள்ளை, பெயின்ட் வாசனை. பிள்ளைகள் அவற்றைத் தட்டிப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். கணக்குப் பாடவேளை வந்தது. வழக்கம்போலப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு எல்லாத் தலைகளும் சேலைப் பக்கம் திரும்பின. அங்கே வெள்ளைப் பலகைதான் இருந்தது.

"டீச்சர், இன்னிக்கு வாய்ப்பாடு வராதா?" என்று ஒருவன் கேட்டான், குழாயில் தண்ணீர் வராதா என்பதுபோல.

"வரும்" என்றாள் ஷண்முகப்ரியா. சாக்பீஸ் விரலில் ஈரமாகியது. "ஆறாம் வாய்ப்பாடு. ஆறொண்ணு ஆறு."

சிரிக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது. தாரணி. உயரமான பிள்ளை என்பதால் ஜூன் முதலே கடைசி பெஞ்சு. அம்மா கடையில் சேல்ஸ் பார்க்கிறாள்.

"என்னம்மா?"

"டீச்சர், நீங்க பேசறது கேக்குது!"

"இத்தனை நாள் கேக்கலையா?"

"உங்க வாய் மட்டும் அசையும். நாங்கல்லாம் அந்தாண்ட டீச்சர கேட்டுக்கினு இருப்போம்."

பின் பெஞ்சுகள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டின. ஷண்முகப்ரியா மேசையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாது என்று பதினான்கு வருஷமாகப் பொத்தி வைத்திருந்ததை ஆண்டுதோறும் ஒரு பின்வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது சிரிப்பு. டீச்சர் சிரித்ததைப் பார்த்து வேட்டி முழுக்கச் சிரித்தது.

"இப்போ எப்படிக் கேக்குது?"

தாரணி கொஞ்சம் யோசித்தாள். "சின்னதா கீது. ஆனா கேக்குது."

"சரி, ஆறேழு எவ்வளவு?"

ஒருவனுக்கும் தெரியவில்லை. மெட்டை முதலிலிருந்து பாடினால்தான் அவர்களுக்கு வரும், நடுவில் ஏறத் தெரியாது. இரண்டு பேர் கண்ணை மூடி முணுமுணுத்துப் பார்த்து ஆறஞ்சிலேயே வழிதவறினார்கள். ஷண்முகப்ரியா பலகைக்குத் திரும்பினாள். ஆறு தட்டு வரைந்தாள், தட்டுக்கு ஏழு இட்லி. பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து வந்து மொய்த்தார்கள். ஐந்தைந்தாகப் பிரித்தார்கள். "மிச்சம் ரெண்டு ரெண்டு எல்லாத் தட்டுலயும் கீது டீச்சர்", "டேய், அத தனியா எண்ணுடா", "முப்பது, அப்பால பன்னெண்டு" என்று ஒரே கூச்சல். நாற்பத்திரண்டைத் தாரணியும் இன்னொருத்தியும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்து யார் முதலில் என்று சண்டை போட்டார்கள். மணி அடித்தபோது வேட்டி ஆறேழைத் தாண்டியிருக்கவில்லை.

மதியம் சாப்பிடும்போது அவளுக்கு எச்சில் விழுங்க வலித்தது. மர்சலின் எதிரே உட்கார்ந்து மோர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து மேசையில் நகர்த்தினாள். பனங்கற்கண்டு.

"வாய்ல அடக்கிக்க பிரியா. மொத நாள் அப்படித்தான் இருக்கும்."

உங்களுக்குத் தெரியுமா அக்கா என்று கேட்க வாயெடுத்தாள். மர்சலின் முகம் சோற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, வேண்டுமென்றே. கேள்வியை மாற்றிக்கொண்டாள்.

"அக்கா, ஆறாம் வாய்ப்பாடு முடிக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு நாள்."

"எனக்கு ரெண்டு வாரம் ஆகும் போலிருக்கு."

"ஆவட்டுமே" என்றாள் மர்சலின். "யாரு தொரத்தறாங்க?"

ஷண்முகப்ரியா கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, ஆறெட்டுக்கு என்ன வரையலாம் என்று யோசிக்கத் தொடங்கினாள்.